வெந்நீர் என்றால் எண்ணெய்

அந்தக் குளியல் இடத்திலிருந்து கடல் எப்படித் தெரியும் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. தரையைக் கேளுங்கள், சொல்கிறேன். கறுப்புக் கல். வழவழப்பு. ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால் மாதிரி வெட்டி, மேலே மரச்சட்டம் போட்டிருந்தார்கள். அந்தத் தரையை நான் மண்டி போட்டுப் பார்த்திருக்கிறேன்.

நான் சன்னிவேலில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். ஊரில் ஐந்தாவது வரை படித்தேன். அப்புறம் தோசைக் கல்தான். என்னை அமெரிக்கா கூட்டிவந்ததும் அந்தக் கல்தான். மகன் ஆறாவது படிக்கும்போது அவனையும் அவன் அம்மாவையும் வரவழைத்துக்கொண்டேன். அவன் நன்றாகப் படித்தான். கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான். எனக்கும் அவனுக்கும் பேச்சு குறைவு. சண்டை எதுவும் இல்லை. நான் வேலை முடிந்து வரும்போது அவன் தூங்கியிருப்பான். அப்படியே வளர்ந்துவிட்டான்.

அவன் ஒரு பெண்ணை விரும்பினான். தமிழ்ப் பெண்தான். நியூஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர். அப்பா டாக்டர், அம்மா டாக்டர். பெண்ணும் மருந்துக் கம்பெனியில் பெரிய வேலை. இங்கே மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். எங்களிடம் மரியாதையாக இருப்பாள். அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது.

ஒரே ஒரு பேச்சு என் காதுக்கு வந்தது. பெண்ணின் அத்தை கேட்டாராம், "தோசை மாஸ்டர் பையனா?" என்று. அவ்வளவுதான். தப்பான கேள்வி இல்லை. நான் தோசை மாஸ்டர்தான், அவன் என் பையன்தான். ஆனாலும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நிச்சயத்துக்கு அவர்கள் நியூஜெர்சியிலிருந்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அது முடியும்வரை எனக்கு ஒரே நினைப்பு. என்னால் என் மகன் தலை குனியக் கூடாது. வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை எல்லாரும் வெளியே போகலாம் என்றான் மகன்.

"ஜப்பான் ஸ்டைல் ஹாட் ஸ்ப்ரிங்ப்பா. டாக்டர் அங்கிளுக்கு இந்த மாதிரி எடம்லாம் ரொம்பப் பிடிக்கும். உங்க தோள்பட்டைக்கும் நல்லது. லீவு போடுங்க."

"சனிக்கிழமையாடா? கடையில கூட்டம் நெரியுமே."

"ஒரு சனிக்கிழமை நீங்க தோசை ஊத்தலேன்னா அமெரிக்கா அழிஞ்சிராதுப்பா."

"அங்க போயி என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். பூமிக்கு அடியிலேருந்து வெந்நீர் வரும். அதுல உக்காந்துக்கிட்டு கடலைப் பாக்கலாம். அவ்வளவுதான்."

வெந்நீர் என்றான். என் புத்தியில் அது மட்டும்தான் விழுந்தது.

கல்லுக்கு முன்னால் நிற்கிறவனுக்கு உடம்பு சூடேறிக்கொண்டே இருக்கும். கண் எரியும். சனிக்கிழமை விடிகாலையில் நல்லெண்ணெய் தேய்த்து, ஊறி, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளித்தால்தான் எனக்கு அடுத்த வாரம் ஓடும். இங்கே வந்த பிறகும் நான் அதை விட்டதில்லை. வெறும் உடம்பில் வெந்நீரை ஊற்றினால் சூடு உள்ளே இறங்கும் என்பது எங்கள் எண்ணம். வெந்நீர் என்றால் எண்ணெய். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சோறு என்றால் குழம்பு என்று யாராவது சொல்லித் தருவார்களா?

அன்று காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றதால் வீட்டில் குளிக்கவில்லை. அங்கேதான் குளிக்கப் போகிறோமே. என் மனைவி பை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க சோப்பு, ஷாம்பு, துண்டு எல்லாம் குடுப்பாங்களாம்," என்றாள்.

"எண்ணெய் குடுப்பாங்களா?"

"அதைப் பத்தி உங்க மகன் ஒண்ணும் சொல்லல."

"அப்ப எடுத்து வை."

ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சி, ஒரு சின்ன ஊறுகாய் பாட்டிலில் ஊற்றினாள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் சீயக்காய்த் தூள். அவளும் யோசிக்கவில்லை. நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்கலாம் என்று சொல்கிறேன்.

மகனின் பெரிய வண்டியில் எல்லாரும் ஏறினோம். டாக்டர் முன் சீட்டில். நல்ல உயரம். வாட்டசாட்டமான ஆள். சிரித்துப் பேசுவார். நான் அவரை சார் என்றுதான் கூப்பிட்டேன்.

"சாரும் வேணாம், மோரும் வேணாம். சம்பந்தின்னு கூப்பிடுங்க. சார்னு கூப்பிட்டா பீஸ் வாங்கிடுவேன்," என்றார்.

சரி என்றேன். அதற்கப்புறமும் சார் என்றுதான் வந்தது.

மலைப் பாதையில் ஏறி இறங்கும்போது மகன் அந்த இடத்து முறைகளைச் சொன்னான். "தொட்டிக்குள்ள எறங்குறதுக்கு முன்னாடி வெளியிலயே நல்லா குளிச்சிடணும். அதுக்குத் தனியா எடம் இருக்கு. நல்லா க்ளீனா குளிச்சிட்டுதான் உள்ள போகணும். அது அவங்களுக்கு ரொம்ப முக்கியம். அப்புறம், ட்ரெஸ் எதுவும் கூடாது."

"எதுவும்னா?" என்றேன்.

"எதுவும்னா எதுவும்தான்ப்பா."

பின்னால் பெண்கள் சிரித்தார்கள். என் மனைவி, "நாங்க?" என்றாள்.

"லேடீஸ் தனி, ஜென்ட்ஸ் தனி, அத்தை. நடுவுல பெரிய சுவர்," என்றாள் எங்கள் வீட்டுக்கு வரப்போகிற பெண்.

"சுவர் இருந்தா சரி," என்றாள் இவள். மறுபடி சிரிப்பு.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நான் முப்பது வருஷமா இதையேதான் பாத்துட்டிருக்கேன் சம்பந்தி. எனக்கு எல்லாம் ஒண்ணுதான். வெக்கப்படாதீங்க."

அவருக்கு எல்லாம் ஒன்றாக இருக்கலாம். எனக்கு இல்லை. மகன் வளர்ந்த பிறகு அவன் முன்னால் சட்டையில்லாமல் நின்றிருக்கிறேன். இடுப்புத் துணியில்லாமல் நின்றதில்லை. எந்த அப்பன் நின்றிருப்பான்? ஆற்றில் குளித்தாலும் கோவணம் உண்டு. போதாதற்குப் பெண் கொடுக்கப்போகிறவர் வேறு பக்கத்தில். வண்டியைத் திருப்பு என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. மகன் ஆசையாக ஏற்பாடு பண்ணியிருக்கிறான்.

அங்கே போனதும் செருப்பைக் கழற்றினோம். பெண்கள் ஒரு பக்கம் போனார்கள், நாங்கள் மூன்று பேரும் ஒரு பக்கம். உடை மாற்றும் அறையில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். கைக்குட்டையை விடப் பெரிசு, துண்டை விடச் சின்னது. முன்னால் பிடித்தால் பின்னால் இல்லை. பின்னால் பிடித்தால் முன்னால் இல்லை. டாக்டர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி நடந்து போனார். மகன் என் பக்கம் திரும்பாமலே, "வாங்கப்பா," என்றான். அவனுக்கும் கூச்சம்தான்.

"நீங்க போங்க. நான் வந்திடுறேன்," என்றேன்.

அவர்கள் குளித்து முடித்து வெளியே தொட்டிக்குப் போகும்வரை நான் பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். கண்ணாடிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம்தான் எழுந்தேன். பாட்டிலையும் சீயக்காய்க் கவரையும் துண்டில் சுற்றிக்கொண்டேன்.

குளிக்கிற இடம் நீளமாக இருந்தது. வரிசையாகக் கட்டை முக்காலிகள். தாழ்வு. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கண்ணாடி, கைப்பிடி ஷவர், ஒரு மர வாளி. நான் கடைசி மூலையில் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியில் என் தொந்தி தெரிந்தது. முழங்கைக்குக் கீழே கல் சுட்ட தழும்புகள். பார்க்க ஒன்றும் இல்லை. வாளியில் வெந்நீர் பிடித்துக் கண்ணாடியில் ஊற்றினேன், ஆவி படியட்டும் என்று.

பாட்டிலைத் திறந்தேன். உச்சந்தலையில் வைத்தேன். காது, கழுத்து, தோள், மார்பு, கை, கால், பாதம். முறைப்படி. முதுகுக்கு எட்டிய வரை. நல்லா குளிச்சிடணும் என்றான் மகன். நன்றாகக் குளிப்பது என்றால் எனக்கு இதுதான். தேய்த்துவிட்டு ஊற உட்கார்ந்தேன். நாலு முக்காலி தள்ளி ஒரு வெள்ளைக்காரர் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை பார்த்தார். அப்புறம் பார்க்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அந்தக் கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. ஆவி, சூடு, எண்ணெய். தோள்பட்டை இளகியது. ஜப்பான்காரர்கள் விவரமானவர்கள் என்று நினைத்தேன். முக்காலிகூடச் சரியான உயரத்தில் செய்திருக்கிறார்களே என்று நினைத்தேன். காலிலிருந்து எண்ணெய் சொட்டி, ஷவர் தண்ணீரோடு சேர்ந்து, நடைவழி முழுக்கப் பரவிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. டாக்டர் குரல்.

"சம்பந்தி! என்ன இன்னும் வரல? கடல் அப்படியே கண்ணு முன்னாடி நிக்குது. வந்து பா..."

'பாருங்க' என்று முடிக்கவில்லை. தட் என்று ஒரு சத்தம்.

திரும்பினேன். அவர் தரையில் கிடந்தார். துண்டு ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரு கையை ஊன்றி விழுந்திருந்தார். நான் எழுந்து ஓடினேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தேன். என் கை எல்லாம் எண்ணெய். வழுக்கியது. மறுபடி பிடித்தேன். மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவை நானும் விழுந்தேன், அவர் மேல் பாதி. ஒட்டுத் துணி இல்லாமல் இரண்டு சம்பந்திகளும் தரையில் கிடந்தோம்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். உள்ளங்கையைப் பார்த்தார். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"நல்லெண்ணெயா?"

"ஆமாங்க."

"இங்கயா?"

"சனிக்கிழமைங்க," என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நான் மின்னிக்கொண்டிருந்திருப்பேன். அவர் வாய் திறந்தது, சிரிக்கத்தான் போனார் என்று நினைக்கிறேன். ஆனால் கையை அசைத்ததும், "ஆ!" என்று முகம் சுருங்கிவிட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மகன் வந்தான்.

அவன் கண்ட காட்சி இதுதான். மாமனார் ஆகப்போகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில். பக்கத்தில் அப்பன், எண்ணெய்ச் சட்டியில் முக்கி எடுத்த மாதிரி. மகன் நேராக அவரிடம் போனான். போக வேண்டியதுதான். "அங்கிள், ஆர் யூ ஓகே? அங்கிள், அசைக்காதீங்க," என்றான். அவரை மெதுவாகப் பிடித்து முக்காலியில் உட்கார வைத்தான். அப்புறம்தான் மூலையைப் பார்த்தான். ஊறுகாய் பாட்டில், அதன் பக்கத்தில் சாய்ந்து கிடந்த சீயக்காய்க் கவர். தூள் பாதி கொட்டி, தண்ணீரில் கரைந்து, கறுப்புக் கல்லில் பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. என்ன மாதிரி இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மகன் மூலைக்குப் போனான். பாட்டிலையும் சீயக்காய்க் கவரையும் எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டான். மறைக்கப் பார்த்தான். வாசனையை எப்படி மறைப்பது?

அந்த இடத்து ஆள் வந்தார். ஜப்பான்காரர், என் வயசு இருக்கும், அவர் மட்டும் உடுப்போடு இருந்தார். ஒரு நிமிடம் நின்றார். பழுப்புத் தண்ணீரைப் பார்த்து ஒரு அடி பின்னால் வைத்தார். மகனிடம் இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டார். மகன், "ஷாம்பு, ஷாம்பு, ஹெர்பல்," என்றான். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. கதவில் மஞ்சள் பலகை மாட்டினார். தொட்டியில் இருந்தவர்களை உள்ளே வராமல் அங்கேயே இருக்கச் சொன்னார். ஆனால் அதற்குள் சிலர் வந்துவிட்டிருந்தார்கள். அந்தச் சின்னத் துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ஈரம் சொட்டிக்கொண்டு.

அந்த ஜப்பான்காரர் அவர்கள் ஒவ்வொருவரிடமும் போய் இடுப்பை வளைத்துக் குனிந்தார். எங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அதைப் பார்த்துவிட்டு மகனும் போனான். "சாரி. ஸோ சாரி. மை ஃபாதர்... சாரி." ஒவ்வொருவரிடமும். குனிந்து, நிமிர்ந்து, அடுத்தவரிடம் போய்க் குனிந்து. கடைசியில் அந்த ஜப்பான்காரருக்கும் குனிந்தான். அவர் பதிலுக்குக் குனிந்தார். இவன் மறுபடி குனிந்தான்.

நான் எது நடக்கக் கூடாது என்று நினைத்தேனோ, அது வரிசையாக நடந்துகொண்டிருந்தது. பெண்ணின் அப்பா முக்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. எண்ணெய் கொட்டினால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். அடுக்களையில் தினமும் கொட்டும். துடைக்க வேண்டும். கையில் இருந்தது அந்தத் துண்டு ஒன்றுதான். மண்டி போட்டேன். துண்டால் தரையைத் தேய்த்தேன். வாளியில் வெந்நீர் பிடித்து ஊற்றினேன், தேய்த்தேன். என் மேலேயும் எண்ணெய் இருந்ததால் தேய்க்கத் தேய்க்கப் புதிசாக எண்ணெய் வந்தது. அந்த ஜப்பான்காரர் ஓடிவந்து, "நோ சார், ப்ளீஸ் சார்," என்றார். நான் நிறுத்தவில்லை.

"அப்பா, எந்திரிங்க," என்றான் மகன்.

"கொஞ்சந்தான்டா. முடிஞ்சிரும்."

"அப்பா!"

அந்த அறையில் எதிரொலித்தது. தலை தூக்கினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு தன் துண்டை என் பக்கம் நீட்டினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் துண்டு தரையில் இருக்கிறது. அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டி மண்டி போட்டிருக்கிறேன்.

அவன் துண்டை வாங்கிக்கொண்டேன். இப்போது அவனிடம் துண்டு இல்லை. பாட்டிலைத்தான் முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்புறம் என்னைத் தனியாக ஒரு ஷவருக்குக் கூட்டிப்போய் விட்டார்கள். சோப்புக்கு நல்லெண்ணெய் அவ்வளவு சுலபமாகப் போகாது. சீயக்காய் மகனிடமே இருந்தது. கேட்க வாய் வரவில்லை. சோப்பை நாலு தரம் போட்டேன். தொட்டிக்கு நான் போகவில்லை. போகச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

வண்டி நிற்கிற இடத்தில் பெண்களுக்காகக் காத்திருந்தோம். அதற்குள் பனி மூடிவிட்டது. கடல் இருக்கிற பக்கம் வெள்ளையாக இருந்தது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டர் மணிக்கட்டைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரை அணைந்திருந்தது.

"சார்," என்றேன்.

"சுளுக்குதான். எலும்பு நல்லா இருக்கு. விடுங்க," என்றார் அவர். சம்பந்தி என்று சொல்லவில்லை. வலியில் விட்டிருக்கலாம்.

பெண்கள் ஈரத் தலையோடு சிரித்துக்கொண்டு வந்தார்கள். என் மனைவியை நான் அப்படிப் பார்த்ததில்லை. முகம் மலர்ந்து இருந்தது.

"கடல் பாத்தீங்களா? யம்மாடி! தண்ணியில உக்காந்தா அதுவும் கடலும் ஒண்ணாத் தெரியுது. ஒரு கப்பல்கூடப் போச்சு. பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றேன்.

டாக்டரின் மனைவி அவர் கையைக் கவனித்துவிட்டார். "என்ன ஆச்சு கைக்கு?"

"ஸ்லிப் ஆயிட்டேன்."

"பாத்து நடக்க மாட்டீங்களா? ஆபரேஷன் தியேட்டர்ல அத்தனை நேரம் நிக்கிற மனுஷனுக்கு பாத்ரூம்ல நிக்கத் தெரியல. நாளைக்கு நிச்சயம்! ஒத்தைக் கையால தட்டு வாங்கப் போறீங்களா?"

"இன்னொரு கை இருக்கே," என்றார் அவர்.

வண்டி கிளம்பியது. பனிக்காகக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தான் மகன். ஹீட்டர் போட்டான். சூடு ஏற ஏற வாசனை எழும்பியது. மிளகு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்.

"என்ன இது, யாரோ எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி ஒரு வாசனை?" என்றார் டாக்டரின் மனைவி.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே முகத்திலிருந்து இறங்கியது. அதற்கு நான்தான் காரணம். எத்தனையோ நாள் கழித்து ஒரு கடலைப் பார்த்துவிட்டு வந்தவள்.

"எனக்கு ஒண்ணும் வரலியே," என்றார் டாக்டர். கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

மகன் ஹீட்டரை அணைத்தான். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினான். வீடு வரும்வரை குளிராகவே வந்தோம்.

வழியில் மருந்துக் கடையில் பேண்டேஜ் வாங்கிக் கொடுத்து, அவர்களை ஹோட்டலில் இறக்கிவிட்டு, மகன் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டான். என் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவனும் இறங்கச் சொல்லவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா," என்றான்.

"கேட்டிருக்கலாம்."

"நானாவது சொல்லியிருக்கணும். எனக்குத் தெரியும்ல, சனிக்கிழமைன்னா நீங்க எண்ணெய் தேப்பீங்கன்னு. தெரிஞ்சும் தோணல."

அவன் திட்டியிருந்தால் தேவலை. தப்பை எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டான்.

"அவங்க ஒண்ணும் நெனைக்க மாட்டாங்கப்பா," என்றான்.

"ம்."

கதவைத் திறந்து இறங்கினேன். சீட்டில் என் முதுகு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. அவன் புது வண்டி. அவன் பார்ப்பதற்குள் கதவைச் சாத்தினேன். இன்றைக்கும் அந்தக் கறை இருக்கிறது.

மறுநாள் நிச்சயம், மகனின் அபார்ட்மென்ட்டில் உள்ள கிளப் ஹவுஸில். விடிந்ததிலிருந்து நான் போன் வரும் என்று காத்திருந்தேன். வராது என்று நினைத்தேன், வரும் என்றும் நினைத்தேன். 'இந்தச் சம்பந்தம் வேண்டாம்' என்று சொல்லப் படித்தவர்களுக்கு எத்தனையோ நல்ல வார்த்தை இருக்கும். போன் வரவில்லை. அவர்கள்தான் வந்தார்கள். டாக்டர் பட்டு வேட்டி, சட்டை. வலது கையில் முழங்கை வரை பழுப்புக் கட்டு.

பெண்ணின் அத்தையும் வந்திருந்தார். முதல் தடவையாக அவரை நேரில் பார்க்கிறேன். வணக்கம் சொன்னேன். அவர் என் கையைத்தான் பார்த்தார், தழும்புகளை. அப்புறம் தம்பியின் கட்டைப் பார்த்தார்.

"என்னடா இது? நல்ல நாளும் அதுவுமா கையில கட்டு?"

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மகன் எனக்கு எதிரில் நின்றான்.

"சம்பந்தி எண்ணெய் தேச்சு விட்டாரு அக்கா," என்றார் டாக்டர். "கொஞ்சம் ஜாஸ்தியாப் போச்சு."

கூட்டம் சிரித்தது. அத்தையும் சிரித்தார். "மாப்பிள்ளைக்குத்தான்டா எண்ணெய் வெப்பாங்க. உனக்கு எதுக்குடா?" என்றார். இன்னும் பெரிசாகச் சிரித்தார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர் அதைக் குத்திக் காட்டச் சொன்னாரா, என்னை மூடி மறைக்கச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் நல்லவர். மூடி மறைக்கத்தான் சொல்லியிருப்பார் என்று என் மனைவி சொல்கிறாள். அப்படியானால் அது இன்னும் மோசம். என்னை மூடி மறைக்க வேண்டியிருந்தது என்று ஆகிறது.

நிச்சயப் பத்திரிகை வாசித்தார்கள். தட்டு மாற்றச் சொன்னார்கள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம், மஞ்சள். வெயிட்டான தட்டு. அவர் இடது கையால் தூக்கினார். தேங்காய் உருண்டது. தட்டு சாய்ந்தது. நான் என் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையை அவர் தட்டுக்கு அடியில் கொடுத்தேன். தோசைக் கடையில் தட்டு தூக்கிப் பழகிய கை. சாயவில்லை.

"தாங்க்ஸ், சம்பந்தி," என்றார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலிருந்து லேசாக வாசனை வந்தது. நல்லெண்ணெய் வாசனை. அதற்கு மேல் என்ன மருந்து தடவியும் போகவில்லை போலிருக்கிறது. இல்லை, என் மூக்கிலேயே அது தங்கிவிட்டதோ என்னவோ.

கல்யாணம் ஆகி, மருமகள் எங்களோடு நன்றாக இருக்கிறாள். போன மாதம்கூட, "மாமா, அந்த ஹாட் ஸ்ப்ரிங்குக்கு இன்னொரு தடவை போலாமா? அன்னிக்கு உங்களுக்கு நேரமே கிடைக்கலன்னு அப்பா சொன்னாங்க," என்றாள். எவ்வளவு தெரியும் அவளுக்கு என்று அவள் முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. "பாக்கலாம்மா," என்றேன்.

சனிக்கிழமை எண்ணெயை நான் விடவில்லை. பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொள்கிறேன். குளித்து முடித்ததும் தரையைத் துடைக்கிறேன். காய்ந்த பிறகு மறுபடி தொட்டுப் பார்க்கிறேன்.

நிச்சயத்தில் எடுத்த ஒரு போட்டோவைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறார்கள். நானும் டாக்டரும் தட்டோடு நிற்கிறோம். பக்கத்தில் மகன். அதில் அவன் தலை குனிந்திருக்கிறான்.

"சந்தனம் வெச்சுக்கக் குனிஞ்சான். போட்டோக்காரன் அந்த நேரம் பாத்து எடுத்துட்டான்," என்கிறாள் என் மனைவி.

இருக்கலாம். போட்டோவில் சந்தனக் கிண்ணம் இல்லை. நான் சோபாவில் அதற்கு முதுகு காட்டுகிற பக்கமாக உட்கார்ந்துகொள்கிறேன்.